பழிபட்ட பொருளும் கல்விச்சாலையும்

சிவமயம்



தானம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நமது கருத்துக் கொடுப்போன்மேலேயே செல்கின்றது. எப்பொருளை, எக்காலத்து, எவ்விடத்து, யாவர்க்குக் கொடுத்தல் வேண்டும் என்பனவற்றை நூல்கள் விரித்துரைக்கின்றன. பிரசங்கஞ் செய்வோரும் பாத்திரமறிந்து கொடுமின் என்றே வற்புறுத்துகின்றனர். ஆயின், கொடுத்தல் ஒரு வினையாதல் போலக் கொள்ளுதலும் ஒரு வினையேயாம். கொடுப்போன் கொள்வோனை ஆராய்தல் போலக் கொள்வோனுங் கொடுப்போனை ஆராய்தல் கடன். இதனை எடுத்துரைப்பார் மிகச் சிலரே. தருமசாத்திரங்கள் ஏற்றலைப் பிரதிக்கிரகம் என்று பெயரிட்டு, இன்னாரிடத்து ஏற்கலாம், இன்னாரிடத்து ஏற்கலாகாது என வரையறுத்தன. தகாதாரிடத்து ஏற்றவனைக் கொடுத்தவனது பாவமும் பற்றும் என்பது அவற்றின் துணிபு.

இவ்விதி பழங்காலத்து அந்தணர்க்கே உரியது, நமக்கு வேண்டற்பாலதன்று எனக் கருதுவாருமுளர். அது பொருந்தாது. என்னை? இக்காலத்திற் பெருந்தானங்களை ஏற்போர் பலருள்ளுஞ் சர்வகலாசாலைகள் முன்னிற்கின்றன. அவை மண்டபங் கட்டவும், ஆராய்ச்சி நடத்தவும், ஏழை மாணாக்கர்க்கு உபகாரப்பணம் வழங்கவுந் தனவந்தரது வாயிலிற் சென்று நிற்கின்றன. அத்தனவந்தருட் சிலர் பிறரைக் கெடுத்துப் பொருளீட்டினோர். சிலர் நீதித்தலத்திற் குற்றவாளிகளென்று தீர்க்கப்பட்டோர். அன்னோர் நீட்டும் பொருளைக் கல்விச்சாலை வாங்கலாமோ, வாங்கலாகாதோ என்னும் வினா மேனாடுகளிற் பெரிதும் எழுந்துள்ளது. சிறு பாடசாலைகளையுந் திருக்கோயில்களையும் பரிபாலிக்கும் நமக்கும் அவ்வினா உரியதேயாம். ஆதலின் அதனை இங்கே ஆராய்வாம்.

முதற்கண் நந்தமிழ் நிலத்தோடு தொடர்புடைய ஒரு சரித்திரத்தைக் கூறுவாம். எலிஹு யேல் என்பவர் 1672 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியாரிடத்து எழுத்துவேலை செய்பவராகச் சென்னைப்பட்டினத்திற்கு வந்தார். படிப்படியாக உயர்ந்து 1687 ஆம் ஆண்டிலே புனித ஜோர்ஜ் கோட்டையின் அதிபரானார். வயிர வியாபாரத்தாலும் பிற வியாபாரங்களாலும் பெருந்திரவியந் திரட்டினார். அவர் காலத்திற் சென்னைத் துறையினின்றும் அடிமைகள் கப்பலேற்றப்பட்டனர். பதவியைத் தம் சொந்த ஊதியத்திற்குக் கருவியாக்கினார் என்னுங் குற்றச்சாட்டின்மேற் கும்பினியார் அவரை 1692 ஆம் ஆண்டிலே பதவியினின்றும் நீக்கினர். 1699 ஆம் ஆண்டில் அவர் தமது செல்வத்தோடு இங்கிலாந்துக்கு மீண்டார்.

அக்காலத்தில் அமெரிக்காவிலே கொனெற்றிக்கற் என்னும் நாட்டில் 1701 ஆம் ஆண்டு தாபிக்கப்பட்ட ஒரு சிறு கல்லூரி பொருளின்றி வருந்திற்று. அதன் பொருட்டு அவரை வேண்டினர். அவர் 1718 ஆம் ஆண்டில் ஒன்பது பொதிச் சரக்கும், 417 புத்தகமும், முதலாம் ஜோர்ஜ் மன்னரின் படமும் அனுப்பினார். அச்சரக்கு ஏறக்குறைய 562 பவுணுக்கு விலைப்பட்டது. கல்லூரியார் நன்றி பாராட்டி அவரது பெயரையே தங் கல்லூரிக்கு இட்டனர். அதுவே இந்நாளில் உலகமெங்கும் புகழ்பெற்று விளங்கும் யேல் சர்வகலாசாலை. அச்சரக்கு விற்ற பணம் என்றோ செலவாகி ஒழிந்தது. கொடுத்தவரது பெயரோ முந்நூறாண்டு கடந்தும் வாயிலிலே நிற்கின்றது.

அச்சர்வகலாசாலைக்குரிய சித்திரசாலையில் ஒரு படமுண்டு. அதிலே யேல் என்பவருந் தனவந்தர் சிலரும் மேசையைச் சூழ்ந்திருக்கின்றனர். ஒரு பக்கத்திற் கறுத்த நிறத்தையுடைய சிறுவனொருவன் ஏவல்செய்து நிற்கின்றான். அவன் கழுத்திலே பூட்டிட்ட உலோக வளையம் மாட்டப்பட்டிருக்கின்றது. 2020 ஆம் ஆண்டில் அப்படத்தைச் சுவரினின்றும் இறக்கி, அச்சிறுவன் யாவனென ஆராயத் தொடங்கினர். அவன் பெயர் கிடைத்திலது. அன்பர்களே, சற்றே நின்று இதனைச் சிந்தியுங்கள். கொடுத்தவர் பெயரை உலகமெல்லாம் அறியும். எவருடைய துன்பம் அச்செல்வத்தினுட் கலந்துகிடந்ததோ, அவருள் ஒருவனாகிய அச்சிறுவன் பெயரை அறிவார் ஒருவருமிலர். பழிபட்ட பொருளைக் கல்விச்சாலை ஏற்பதனால் விளையுங் கேடு யாதென்பார்க்கு இவ்வொரு படமே விடைபகரும்.

தானத்தின் பின்னே நாமமும் வரும் என்பதை யாழ்ப்பாணத்தாராகிய நாமும் அறிவோம். 1823 ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிலே செமினரி தாபித்த அமெரிக்க மிஷனரிமார், தம் பாடசாலைகளிற் பிள்ளைகளைப் பரிபாலிக்கப் பொருளுதவிய அமெரிக்க உபகாரிகளது நாமங்களை அப்பிள்ளைகளுக்கே இட்டனர். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை முதலிய வித்துவான்களது பெயர்களின் முதலில் அந்நியச்சொல் நிற்பது இவ்வழக்கத்தினாலேயாம். அவ்வுபகாரிகள் பழிபட்டவரல்லர், அவர் உதவியால் நமது நாடு அடைந்த கல்விப் பயனும் பெரிது. மிஷன் பாடசாலையிற் கற்ற யாம் அந்நன்றியை மறப்பேமல்லேம். ஆயினும் நல்லோர் கொடையே ஒரு பிள்ளையின் பெயரை மாற்றவல்லதாயின், தீயோர் கொடை யாதுதான் செய்யாது?

இனி நங்காலத்து நிகழ்ச்சிக்கு வருவாம். ஜெப்பிரி எப்ஸ்டீன் என்னும் அமெரிக்கத் தனவந்தர் வயதுவராத பெண்பிள்ளை சம்பந்தமான குற்றத்தை 2008 ஆம் ஆண்டில் நீதித்தலத்தில் ஒப்புக்கொண்டு சிறையிருந்தவர். பின்னும் அத்தகைய பெருங்குற்றங்கள் சாட்டப்பட்டு, 2019 ஆம் ஆண்டு மறியலில் இருக்கையில் இறந்தார். மசாச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகம் என்னும் பெருங்கலாசாலை 2002 முதல் 2017 வரை அவரிடத்துப் பத்துமுறையாக 8,50,000 டொலர் ஏற்றது. அதில் 7,50,000 டொலர் அவர் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்ட பின்னரே வந்தது. 2020 ஆம் ஆண்டு தை மாதத்தில் வெளியான விசாரணை அறிக்கை இதனை விளக்கிற்று. அவ்வறிக்கையில் நாம் ஊன்றி நோக்கற்பாலது தொகையன்று. மேலதிகாரிகள் சிலர் அவர் யாவரென நன்கறிந்தும், கொடை சிறிது சிறிதாக இருத்தல்வேண்டும், அதனைப் பிரசித்தஞ் செய்தலாகாது என்னும் இரண்டு நிபந்தனையோடு வாங்க இசைந்தனர் என்பதே. அவர் தம் பெயரை வெளுத்துக்கொள்ள இடங்கொடாதிருத்தற்கே அவ்வாறு செய்தனராம்.

இஃது அறிவுடையோர் கண்ட உபாயமாயினும் அறமாகாது. மறைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் எப்பொழுது உள்ளத்திலே தோன்றிற்றோ, அப்பொழுதே அவ்வுள்ளந் தீர்ப்பும் எழுதிவிட்டது. களவாக வாங்கிய பொருள் கலாசாலையின் ஊழியர் பலரைப் பொய்க்குத் துணைவராக்கும். ஒருவர் கணக்கிலே பெயரை விட்டெழுத, மற்றொருவர் கேட்டாற் கேளாதவர்போலிருக்க, வேறொருவர் வருவோரை வேறு வாயிலால் அழைத்துச்செல்ல, உண்மையைப் போதிக்கும் இடத்திலே உண்மையை ஒளிக்கும் வித்தை பயிலப்படும்.

ஹாவாட் சர்வகலாசாலை இவரிடத்து 1998 முதல் 2008 வரை 91 இலட்சம் டொலர் ஏற்றது. 2008 ஆம் ஆண்டின் பின்னர் இனி அவர் பொருள் வேண்டாமென்று அதன் தலைவர் மறுத்தார். அது நன்று. ஆயினும் அவர் முன்னே கொடுத்த பொருளால் நடந்த ஆராய்ச்சிநிலையத்தில் அவருக்கென ஓரறை இருந்தது. 2010 முதல் 2018 வரை நாற்பதுமுறைக்கு மேல் அவர் அங்கே வந்துபோயினர் என்று 2020 ஆம் ஆண்டின் அறிக்கை கூறிற்று. பணத்தை மறுத்தனர், கதவை அடைத்திலர். கொடைக்கு ஒரு கடன் உண்டு. கொடுத்தவர் வந்து நிற்கும்போது அவர் முகத்தை நோக்கி, வராதீர் என்று சொல்ல வாங்கியவர் நா எழாது.

இவற்றால் நாம் அறியக்கிடப்பது யாது? கலாசாலை வெறுங்கையோடு வாங்குவதில்லை. வாங்குந்தோறும் ஒன்றைக் கொடுக்கின்றது. அஃதியாதெனின், தன் நற்பெயர். தனவந்தருக்குப் பொருள் உண்டு, இல்லாதது மானம். கலாசாலைக்கு மானம் உண்டு, இல்லாதது பொருள். தானம் என்னும் போர்வையின் கீழ் இரண்டும் பண்டமாற்றுச் செய்யப்படுகின்றன. அந்நற்பெயரோ அதனை நடத்தும் அதிகாரிகளுடையதன்று. எத்தனையோ ஆசிரியர் உறக்கமின்றி உழைத்தும், எத்தனையோ மாணாக்கர் நேர்மையாகக் கற்றுந் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்தது. கோயிற் சொத்துச் சிவசொத்தாதலின் அதனைத் தருமகர்த்தா விற்கலாகாதென்று நாம் அறிவோம். கல்விச்சாலையின் நற்பெயரும் அத்தகையதே. அதனைக் காப்பவர் அதற்கு உடையவராகார். உடையவரல்லாதார் விற்றல் களவு.

ஈண்டுச் சிலர் நிகழ்த்தும் ஆசங்கைகளைக் கூறி விடையிறுப்பாம்.

பணத்திற்கு ஏது பாவம்? சாக்கடை நீருங் கங்கையிற் கலந்தாற் கங்கையேயன்றோ? தீயோன் கையிலிருப்பதிலும் நல்லோர் கையிற் சேர்ந்து ஏழைப்பிள்ளை கற்றற்குப் பயன்படுதல் நன்றன்றோ எனின், கூறுதும். இவ்வாசங்கை எளிதிற் றள்ளத்தக்கதன்று. ஒழுகுங் கூரையின்கீழ்ப் பிள்ளைகளை வைத்துப் படிப்பிக்கும் ஆசிரியனுக்கு இதன் வலிமை தெரியும். ஆயினும் கலக்குஞ் சாக்கடை தன் வழியே வந்து போவதன்று. கங்கையின் போக்கையுந் திருப்பவல்லது.

ரவ்ற்ஸ் சர்வகலாசாலையின் சரித்திரத்தைப் பாருங்கள். பேர்டியூ என்னும் மருந்துக் கும்பினிக்கு உரியராகிய சாக்லர் குடும்பத்தார் அதற்குப் பெரும்பொருள் உதவினர். அக்கும்பினி 1996 ஆம் ஆண்டு முதல் விற்ற வலிதீர்க்கும் மருந்து எண்ணிறந்தோரை அடிமைப்படுத்திற்று. கும்பினி 2007 ஆம் ஆண்டிலும் 2020 ஆம் ஆண்டிலும் நீதித்தலத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அம்மருந்து முதலியவற்றால் விளைந்த கேட்டை விரிக்கும் ஒரு நூலை மருத்துவ மாணாக்கர் பொதுவாகப் படித்தற்குத் தெரிந்தெடுக்க எண்ணிய காலத்தில், கொடையாளர் மனங்கோணுவர் என்னும் அச்சம் இடைநின்று தடுத்ததென்று விசாரணையில் வெளிப்பட்டது. 2019 ஆம் ஆண்டு மார்கழியில் அச்சர்வகலாசாலை சாக்லர் நாமத்தைத் தன் கட்டடங்களினின்றும் நீக்கிற்று. ஒக்ஸ்போட் சர்வகலாசாலையும் 2023 ஆம் ஆண்டில் அந்நாமத்தைத் தன் கட்டடங்களினின்றும் நீக்கியது. மருத்துவம் பயில்வோனுக்கு எந்நோயை அறிதல் அவசியமோ, அந்நோயைப்பற்றிய நூலே அவன் கைக்கு வாராது தடுக்கப்படுமாயின், அப்பொருளால் வளர்ந்தது கல்வியா, கல்வியின் கேடா?

திருவள்ளுவர் வினைத்தூய்மை என ஓரதிகாரம் வகுத்தார். கருதிய பயன் நன்றாயிருத்தல் மாத்திரம் போதாது. அதனை அடையும் வழியும் பழியற்றிருத்தல் வேண்டும் என்பது அதன் உள்ளீடு. தாயின் பசியைத் தீர்த்தற்பொருட்டும் பெரியோர் இகழுஞ் செயலைச் செய்யலாகாது என்றவர், பாடசாலைக் கூரையின்பொருட்டுச் செய்யலாமென்று சொல்வாரோ?

அற்றேல், மூர்க்கநாயனார் சூதாடிவந்த பொருளாலன்றோ அடியார்க்கு அமுதூட்டினார்? அவரைச் சிவபெருமான் ஆட்கொண்டிலரோ எனின், நன்று கேட்டீர். அச்சரித்திரத்தை முற்றுங் கேண்மின். அவர் முன்னே தமக்குள்ள பொருளனைத்தையும் அடியார்க்கே கொடுத்து வறியரானவர். பின்பு சூதில் வந்த பொருளைத் தங் கையாலுந் தீண்டாது, அமுதாக்குவார் கொள்ளும்படி விடுத்து, அடியாரெல்லாம் உண்டபின் கடைப்பந்தியிலே தாம் உண்டார். அதனாற் புகழை வாங்கினாரல்லர், தஞ்செயலை மறைத்தாருமல்லர், மூர்க்கர் என்னும் இழிபெயரையே ஏற்றார். இக்காலத்துத் தனவந்தரோ கடைப்பந்தியில் இருக்க ஒருப்படார். முதற்பந்தியும் மாலையும் மண்டபத்திற்குத் தம் பெயருமே வேண்டுவர். மேலும், அன்பின் முதிர்ச்சியால் நாயன்மார் செய்த வன்செயல்கள் வணங்கற்பாலன. நம்மனோர் அவற்றை விதியாகக் கொண்டு ஒழுகுதல் தகாது.

பாவஞ் செய்தவன் மனந்திருந்தித் தானஞ் செய்ய விரும்பின் அவனைத் தள்ளுதல் சைவமாகுமோ எனின், ஆகாது. சிவபெருமானது திருவருளுக்குப் புறம்பாவார் ஒருவருமிலர். ஆனாற் பிராயச்சித்தத்திற்கு ஒரு முறையுண்டு. எவரை வருத்தினானோ அவர்க்கு முன்னர் ஈடுசெய்க. எவர் பொருளைக் கவர்ந்தானோ அவர்க்கு முன்னர் மீட்டுக்கொடுக்க. கெடுக்கப்பட்டோர் கண்ணீரோடு நிற்க, அவரைக் கடந்துபோய்ப் பிறிதோரிடத்தே மண்டபங் கட்டுதல் பிராயச்சித்தமாகாது. மெய்யாக மனந்திருந்தினவன் தன் பெயரைக் கல்லில் வெட்டுக என்று கேளான்.

குற்றமற்ற பணம் உலகில் எங்கே உண்டு? காசுதோறும் அதன் கோத்திரத்தை ஆராயின் ஒரு பாடசாலையும் நடவாதே என்பாருமுளர். காசுதோறும் ஆராய்க என்று யாங் கூறேம். ஊர்ப்பேச்சையும் பொறாமைக்காரர் தூற்றுதலையும் நம்பி ஒருவரை இகழ்தலும் பாவமே. நீதித்தலம் தீர்த்ததும், ஊரார் கண்கூடாக அறிந்ததும், செய்தவன் வருந்தித் திருத்தாததுமாகிய தீமையையே யாங் கூறுகின்றேம்.

சைவப் பெருமக்காள், நமது பாடசாலைகளையுங் கோயில்களையும் நடத்துஞ் சபையார் கருத்தில் வைத்தற்குரியன நான்கு. முதலாவது, மகாசபை கூடிய இடத்திலே கணக்கை விரித்துப் பலரறிய வாசிக்க நாணும் பணத்தை ஏலாதொழிக. கொடுப்போன் அடக்கத்தாற் றன் பெயரை மறைத்தல் வேறு. கொள்வோன் நாணத்தால் அப்பெயரை மறைத்தல் வேறு. முன்னையது புண்ணியம்; பின்னையது பழி. இரண்டாவது, அப்பணத்தால் வருந்தினவர் நம்முன்னே வந்துநின்று, இதனை ஏன் வாங்கினீர் என்று கேட்பின், தலைகுனியாது விடைசொல்ல இயலுமோ என்று வாங்குமுன் உசாவுக. மூன்றாவது, பெயர்க்கல்லையும் பொன்னாடையையும் பொருளுக்கு விலையாகப் பேசாதொழிக. பரிசளிப்பு விழாவிலே பிள்ளைகள் முன்னே நாம் எவருக்கு மாலையிடுகின்றோமோ, அவரைப்போல ஆகுக என்று அப்பிள்ளைகளுக்குப் போதிக்கின்றோம். நான்காவது, அறியாது ஏற்றபின் உண்மை வெளிப்படின் மூடிவைக்காதொழிக. ஹாவாட் சர்வகலாசாலை செலவாகாது எஞ்சிய ஏறக்குறைய 2,00,000 டொலரை வருத்தமுற்ற பெண்களுக்கு உதவுஞ் சங்கங்களுக்குக் கொடுத்தது. மசாச்சூசெற்ஸ் கழகமும் தான் ஏற்ற அளவான தொகையை அத்தகைய தருமத்திற்கு அளிப்பதாக அறிவித்தது. யேல் சர்வகலாசாலை தன் பழஞ்சரித்திரத்தை ஆராய்வித்து, அடிமை வியாபாரத்தோடு தனக்கிருந்த தொடர்பிற்காக 2024 ஆம் ஆண்டு மாசி மாதத்திலே வெளிப்படையாக மன்னிப்பு வேண்டிற்று. முந்நூறாண்டு கழிந்தபின் திருப்பிக் கொடுத்தற்குப் பொருளுமில்லை, வாங்குதற்கு ஆளுமில்லை. உண்மையைச் சொல்லுதல் ஒன்றே எஞ்சியிருந்தது. நாம் அத்துணைக் காலந் தாழ்க்கவேண்டுவதில்லை.

இவ்வாறெல்லாம் ஆராய்ந்து மறுப்பின் நமது பாடசாலை சிறிதாகவே இருந்துவிடுமே என்று நீங்கள் அஞ்சக்கூடும். இருந்துவிடலாம். திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் கோயிலெடுக்க விரும்பிப் பல்லிடத்தும் பொருள் தேடியுங் கிடைத்திலது. பின்பு மனத்தினாலே கல்லும் மரமுந் தேடி, தச்சரை அமைத்து, நாட்குறித்துக் கோயிலெடுத்தார். காஞ்சியிலே காடவர்கோன் கட்டிய கற்றளியும் அந்நாளிலேயே நிறைவெய்திற்று. அரசன் பழிபட்டவனல்லன், அவன் கோயிலும் பெருமையுடையது. ஆயினும் இறைவர் அரசன் கனவிலே தோன்றி, நீ நாளைத் தள்ளிவைக்க, யாம் நின்றவூரிலே பூசல் எடுத்த கோயிலுக்கு எழுந்தருளுகின்றோம் என்றருளினார். பழியற்ற அரசன் பொருளையே பின்வைத்து, ஒரு காசுமில்லாத தூய உள்ளத்தை முன்வைத்த பெருமான், பழிபட்ட பொருளால் எழுந்த மாடங்களின் உயரத்தைக் கண்டு மகிழ்வாரோ?

ஓலைக்கொட்டிலாயினும் ஆகுக. அங்கே பிள்ளைகள் கற்கும் எழுத்து ஒவ்வொன்றும் ஒருவர் கண்ணீரிலும் நனையாததாயிருக்க. நாம் கொடுக்கும்போது தூயதைக் கொடுக்கவும், ஏற்கும்போது தூயதை ஏற்கவும், தகாதது வந்தவிடத்து வேண்டாமென்று சொல்லும் வன்மை பெறவும் எல்லாம்வல்ல சிவபெருமானது திருவடிகளைச் சிந்தித்து வந்திப்போமாக.

திருச்சிற்றம்பலம்